லேமினேஷன் போட்ட சாலை

அக்கா,

இன்று காலை சுந்தராபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணைப் பார்த்து "தொடாதே!" என்று கத்திவிட்டேன். பென்ஷன் அட்டையை லேமினேஷன் போடப் போயிருந்தேன். மெஷின் சூடேறி, பிளாஸ்டிக் உருகும் அந்த வாசனை கடை முழுவதும் பரவியது. கைப்பையிலிருந்து அட்டையை எடுத்தபோது கூடவே ஒரு கவரும் வந்து, அதிலிருந்து ஒரு காகிதத் துண்டு மேஜைமேல் விழுந்தது. இரண்டு விரல் அகலம், ஒரு சாணுக்குச் சற்று மேலே நீளம். "இதையும் போட்டுரலாமுங்களா? ரொம்பப் பழசாட்ட இருக்குதுங்க, கிழிஞ்சுரும்" என்று அந்தப் பெண் நல்ல மனதோடுதான் கையை நீட்டினாள். நான் கத்திய கத்தலில் தெருவில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அட்டையை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தத் துண்டு உங்களுடைய ஜப்பான் படத்தின் ஓரம். பதினோரு வருஷத்துக்கு முன்னால், வெட்டிவிடுங்கள் என்று நானே சொல்லி வெட்டவைத்த ஓரம்.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. இருந்தபோது உங்களிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. இப்போது உயர்த்தப்போகிறேன். நீங்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும். எழுந்து நின்று "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று பேச்சை மாற்ற இனி உங்களால் முடியாது.

பீளமேட்டுப் பம்ப் கம்பெனியின் டிராயிங் செக்ஷனில் அத்தனை ஆண்களுக்கு நடுவே நாம் இரண்டே பேர் பெண்கள். நீங்கள் பாலிடெக்னிக் படித்து வந்தவர், கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு உள்ள வீடு. நான் ஐடிஐ. உங்கள் தோப்பைப் போன்ற தோப்புகளில் தேங்காய் பொறுக்கி, களை வெட்டித்தான் என் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். இதை நாம் இரண்டு பேருமே பேசிக்கொண்டதில்லை. பேசத் தேவையில்லை என்று நான் நினைத்திருந்தேன்.

சாயங்காலம் மை பேனாக்களைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுத்தான் நான் எழுந்திருப்பேன். நீங்கள் கம்பெனி கேட்டுக்கு வெளியே நிற்பீர்கள். உக்கடம் போய் அங்கிருந்து பொள்ளாச்சி பஸ். நான் மலுமிச்சம்பட்டியில் இறங்கிவிடுவேன், நீங்கள் கிணத்துக்கடவு வரை போகவேண்டும். எனக்காக எத்தனை பஸ்ஸை விட்டிருப்பீர்கள்! "ஏனுங்க எஸ்தர், அந்தப் பேனாவ நாளைக்குக் காத்தால கழுவுனா ஆகாதுங்களா? மை என்ன பறந்தா போயிரும்?" என்பீர்கள். கேலிதான். ஆனாலும் அடுத்த நாளும் நிற்பீர்கள்.

கம்பெனி உங்களை மூன்று மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பியது. திரும்பி வந்தபோது மற்றவர்களுக்கெல்லாம் சாவிக்கொத்தும் மிட்டாயும். எனக்கும் மிட்டாய்தான். ஆனால் மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, என் டிராயிங் போர்டின்மேல் சுத்தமான ட்ரேசிங் தாளை விரித்து, அதன்மேல் அந்தப் படத்தை வைத்தீர்கள். அங்கே உங்களோடு வேலை பார்த்த ஒரு பெண் கொடுத்ததாம். பழைய காலத்து மரப்பலகைகளைப் பார்த்துப் புதிதாகச் செதுக்கி, கையால் அச்சடித்த படம் என்றீர்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை, ஒரே காகிதத்தை எல்லாப் பலகையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தேய்த்து எடுக்கவேண்டும். "ஒரு நூல் நகந்துச்சுன்னா மூக்கு ஒரு பக்கம் கண்ணு ஒரு பக்கம் போயிருமுங்க" என்றீர்கள். நம் தொழில்காரர்களுக்கு அது உடனே புரிந்தது. தலையைக் குனிந்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தோம். எங்குமே பிசகில்லை.

ஒரு பெருவழி. இரண்டு பக்கமும் வளைந்த மரங்கள், தூரத்தில் மலை. வலது ஓரத்தில் ஓலைக் கூரை போட்ட ஒரு டீக்கடை, அதில் தொடைவரை வேட்டியைச் சுருட்டிய சுமைகூலிகள் இரண்டு பேர் உட்கார்ந்து ஏதோ குடிக்கிறார்கள். ஒரு குதிரை, அதன் கால்களுக்கும் வைக்கோல் செருப்பு. அதைப் பார்த்து நாம் எவ்வளவு சிரித்தோம்! நடுவே, பாதையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அறுந்த செருப்பு வாரைக் கட்டிக்கொண்டிருக்கும் ஒருவன். பாதை அவனுக்கு முன்னால் இடப்பக்கமாக வளைந்து போகிறது. அந்த வளைவில், படத்தின் கடைசி ஓரத்தில், அவனுடைய கூட்டாளி. தலையில் பெரிய கூடைத் தொப்பி. போனவன் திரும்பி நின்று, தொப்பியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, பின்னால் தங்கிவிட்டவனைப் பார்க்கிறான்.

"இது நீங்கதானுங்க எஸ்தர். ஊரே போயாச்சு, இன்னும் வாரு கட்டிட்டு இருக்கறீங்க" என்றீர்கள்.

"அப்ப அங்க நிக்கறது யாருங்க்கா?"

"வேற யாரு? பஸ்ஸ உட்டுப்போட்டு நிக்கற இளிச்சவாய் நாந்தானுங்க."

பிறகு படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினீர்கள். நிறங்கள் காகிதத்துக்குள் ஊறிப் பின்னாலும் லேசாகத் தெரிந்தன. "முன்னால பாக்கறத விட எனக்கு இதுதான் நொம்பப் புடிக்குது" என்றீர்கள். எனக்கும் பிடித்திருந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது எழுதும்போதுகூட மறைக்க முடியவில்லை.

அந்தப் படம் இருபது வருஷம் உங்கள் பீரோவில் கிடந்தது. சொந்தமாக வீடு கட்டியதும் மாட்டவேண்டும் என்று வைத்திருந்தீர்கள். கம்ப்யூட்டர் வந்து நம் டிராயிங் போர்டுகளைத் தூக்கிக்கொண்டு போய், பொள்ளாச்சி ரோட்டு மரங்களை வெட்டி ரோட்டை நாலு மடங்காக்கி, எல்லாம் ஆன பிறகுதான் உங்கள் வீடு எழுந்தது. பால் காய்ச்சப் பத்து நாள் இருக்கும்போது படத்தை என் கையில் கொடுத்தீர்கள். "டவுன்ல நல்ல கடை உங்களுக்குத்தான் தெரியும். ஃப்ரேம் போட்டு நீங்களே வாங்கியாந்து மாட்டுங்க" என்றீர்கள். உங்கள் சொந்தக்காரர்களில் அத்தனை பேர் இருக்க என்னிடம் கொடுத்தீர்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டவுன்ஹால் பக்கத்தில் அந்தக் கடை. கடைக்காரர் படத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஓரத்துல ஈரக்கறை ஏறியிருக்குதுங்க. அதை எடுத்துட்டா இந்த ஃப்ரேமுக்குக் கச்சிதமா உக்காந்துக்கும். லேமினேஷன் போட்டுப் பலகைல ஒட்டிட்டமுன்னா, உங்க பேரப்புள்ளைக காலம் வரைக்கும் ஒரு பூச்சி தொடாது" என்றார்.

"போட்டுருங்க" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். நான் ஐடிஐ சேரப்போன வருஷம் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகி, தகரப் பெட்டிக்குள் இருந்த என் டிசி நனைந்துபோயிற்று. அம்மா அதைச் சூடான தோசைக்கல்லின்மேல் துணி விரித்துக் காயவைத்தாள். காய்ந்தது, என் பெயர் மட்டும் கரைந்து நீலமாகப் படர்ந்துவிட்டது. ஆபீஸில் ஒருவர் அதைத் தூக்கிப் பிடித்து, "இது எந்தப் புள்ளையோடதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அரை நாள் கும்பிட்ட கையோடு நின்றாள் அம்மா. முதல் சம்பளத்தில் நான் செய்த முதல் காரியம், வீட்டில் இருந்த ஒவ்வொரு காகிதத்தையும் லேமினேஷன் போட்டதுதான். ஞானஸ்நானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, அப்பாவின் ஒரே போட்டோ, எல்லாம். உங்கள் வீட்டுக் காகிதங்கள் தேக்கு பீரோவில் பூச்சி உருண்டையோடு பத்திரமாகத் தூங்கின. எங்கள் வீட்டில் காகிதத்தைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். உயிராக நினைக்கிற காகிதம் எதுவானாலும் அதைப் பிளாஸ்டிக்குக்குள் போடவேண்டும்.

அது என் காரணம். மன்னிப்பாகாது. ஒரு மில்லிமீட்டர் தவறினால் வார்ப்புக்குப் போன பம்ப் மொத்தமும் குப்பைக்குத்தான் என்று தெரிந்த வேலை என்னுடையது. முப்பது வருஷம் செய்திருக்கிறேன். ஆனால் கறை ஏறிய ஓரத்தில் என்ன இருக்கிறது என்று, பிளேடு வைப்பதற்கு முன்னால் ஒருமுறை எட்டிப் பார்க்கவில்லை.

பால் காய்ச்சிய அன்று ஃப்ரேமைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்தேன். நீங்கள் பிரித்தீர்கள். பளபளவென்று மின்னியது. நீங்கள் பார்த்துக்கொண்டே நின்றீர்கள், கொஞ்சம் அதிக நேரம். பிறகு, "அழகாப் பண்ணிப்போட்டீங்க" என்று சொல்லி நீங்களே ஹாலில் மாட்டினீர்கள். பந்தியில் உட்கார்ந்து முதல் வாய் வைக்கும்போதுதான் நிமிர்ந்து அதைப் பார்த்தேன். செருப்புக் கட்டுபவன் இருந்தான். அவன் போகவேண்டிய பாதை வளைவுக்கு முன்னாலேயே மரச்சட்டத்தில் முட்டி நின்றது. அந்தப் பக்கம் யாரும் இல்லை.

இலையை விட்டு எழுந்து சமையலறைக்கு ஓடிவந்தேன். எச்சில் கை. "அக்கா, தப்புப் பண்ணிப்போட்டனுங்க்கா. அந்தாள வெட்டிப்போட்டேன்" என்றேன்.

நீங்கள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அட, பரவால்லீங்க. அதுக்கு என்னங்க இப்ப? எலைல சோறு ஆறுது, போய்ச் சாப்புடுங்க."

நான் அங்கேயே நின்றேன். அதே நேரம் உங்கள் தங்கச்சி விளக்குக்கு எண்ணெய் ஊற்றப்போய்ப் புது டைல்ஸ்மேல் பாதியைக் கொட்டினாள். நீங்கள் திரும்பினீர்கள். "கண்ணு பொடனிலயா இருக்குது உனக்கு? ஒரு வேலைய உருப்படியாச் செய்ய மாட்டியா? மாடு மாதிரி வளந்திருக்கறயே தவிர!" வந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. உங்கள் தங்கச்சி, "போ புள்ள, பெரிய மகாராணி" என்றாள். ஐந்து நிமிஷத்தில் நீங்கள் இரண்டு பேரும் ஒரே தட்டில் ஜிலேபி பிய்த்துத் தின்றீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அக்கா.

நாலு சொட்டு எண்ணெய்க்கு அவளுக்கு அத்தனை திட்டு. இருபது வருஷம் பொத்தி வைத்த படத்தைப் பாழாக்கிய எனக்குப் பரவாயில்லை. அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரே ஒரு கேள்விதான். நான் உங்களுக்கு யார்?

அதற்குப் பிறகு நீங்கள் மாறினீர்கள். யாரிடம் சொன்னாலும், அதில் என்ன குறை என்று என்னையே கேட்பார்கள். இன்னும் மரியாதையாக நடக்கத் தொடங்கினீர்கள், அவ்வளவுதான். அடுத்த முறை வந்தபோது ஹாலில் படம் இல்லை, ஒரு காலண்டர் தொங்கியது. "செவுத்துல ஈரம் ஏறுதுங்க, எடுத்து உள்ள வெச்சிருக்கறேன்" என்றீர்கள். புது வீட்டுச் சுவரில் ஈரம்! நான் உள்ளே வந்ததும் எழுந்து நிற்பீர்கள். நல்ல நாற்காலியைத் துடைத்துப் போடுவீர்கள். உங்கள் வீட்டில் எனக்குத் தனி டம்ளர் ஒருநாளும் இருந்ததில்லை, அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் தனி மரியாதை இருந்தது. பொங்கலுக்கு பஸ் டிரைவரிடம் நீங்கள் கொடுத்தனுப்பும் ஒரு மூட்டைத் தேங்காய் வரும், கிறிஸ்துமஸுக்கு நான் கேக் கொண்டுவருவேன். அதிகாரிகள் வீட்டுக்குப் போய் வருவதைப்போல் போய் வந்தோம்.

ஒவ்வொரு முறையும் அந்தப் பேச்சை எடுக்கவேண்டும் என்று நினைத்துத்தான் பஸ் ஏறுவேன். என்னைத் திட்டிவிடுங்கள் என்று கேட்கவேண்டும். எப்படிக் கேட்பது? சமமாக நினைக்கிறவர்களிடம்தானே கேட்க முடியும். அந்த இடத்தில் என் நாக்கில் என் அம்மாவின் கும்பிட்ட கை வந்து உட்கார்ந்துகொள்ளும். நானும் "தேங்கா நல்லா இருந்துச்சுங்க்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். இதில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு. மீதிப் பாதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தேன். டயாலிசிஸ் முடிந்து துணி மாதிரி கிடந்தீர்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தீர்கள். கையில் ஊசி இழுத்து, நர்ஸ் சத்தம் போட்டாள். "இந்த வெயில்ல இவ்வளவு தூரம் எதுக்குங்க சிரமப்பட்டு வந்தீங்க? பஸ்ஸு கெடச்சுதுங்களா?" என்றீர்கள். சாகக் கிடந்த உங்கள் வாயிலிருந்து எனக்கு அதுதான் கிடைத்தது. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் பாதிதான், மீதி கோபம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் உங்கள் மகள் வந்தாள். பழைய பெட்ஷீட்டில் சுற்றிய ஃப்ரேம், கூடவே ஒரு நீளக் கவர். பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி இருந்ததாம் ஃப்ரேம். கவர் உங்கள் பாஸ்போர்ட்டோடு இருந்ததாம்.

"இது என்ன கண்ணு?" என்றேன்.

"தெரியாதுங்களா ஆண்ட்டி? பால் காச்சுன மறுநாள் காத்தால மொத பஸ்ஸுக்கே அம்மா டவுனுக்குக் கெளம்பிட்டாங்க. அந்தக் கடைல வெட்டிப் போடற காயிதமெல்லாம் ஒரு சாக்குல இருந்துச்சாம். தரையில உக்காந்து மத்தியானம் வரைக்கும் தேடி எடுத்துட்டு வந்தாங்க. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. மனசு சங்கடப்படுவீங்களாம்."

கவரைத் திறந்தேன். கறை படிந்த ஓரம். கூடைத் தொப்பியைத் தூக்கிப் பிடித்துத் திரும்பிப் பார்க்கும் அந்த ஆள்.

"வேற ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவும் முடியாமல் நெளிந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க ஆண்ட்டி. பீரோவ நவுத்தற போதெல்லாம் அம்மா உங்களத் திட்டுவாங்க."

"எப்படி?"

"வேண்டாமுங்க ஆண்ட்டி."

"சொல்லு கண்ணு. அப்படியே சொல்லு, ஒரு வார்த்த கூடக் கொறைக்காம."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "'இந்த எஸ்தர் கழுதைக்குக் கண்ணு பொடனிலயா இருந்துச்சு? ஒரு வேலைய உருப்படியாச் செய்வாளா அவ?' அப்படீம்பாங்க."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள். காப்பி போடப் போனவள் அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றேன். உங்கள் தங்கச்சிக்குக் கிடைத்த அதே திட்டு, கூடவே ஒரு கழுதையும். பதினோரு வருஷமாக எனக்கும் கிடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. கேட்டது பீரோ மட்டும்தான்.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். இல்லை. அன்றைக்குச் சமையலறையில் என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லியிருந்தால் நானும் "போங்க்கா, பெரிய மகாராணி" என்றிருப்பேன். இரண்டு பேரும் அந்தத் துண்டைத் தேடிச் சாக்கைக் கொட்டியிருப்போம். ஒரே பஸ்ஸில் திரும்பியிருப்போம். கிணத்துக்கடவில் நீங்கள் சுவரைப் பார்த்து என்னைத் திட்டினீர்கள், மலுமிச்சம்பட்டியில் நான் அந்தத் திட்டுக்கு ஏங்கிக்கொண்டிருந்தேன். நடுவில் அரை மணி நேர பஸ்தான். என் மனம் சங்கடப்படக் கூடாது என்று உங்களுக்கு யார் சொன்னது? சங்கடப்பட எனக்கு உரிமை இல்லையா?

இப்போது இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பொருந்தவில்லை. பிளாஸ்டிக்குக்கு உள்ளே இருக்கிற வானம் மஞ்சளடித்துவிட்டது. இருட்டில் கிடந்த துண்டில் அது இன்னும் நல்ல நீலம். பிளாஸ்டிக்கை உரித்துப் பார்க்கலாமா என்று ஒரு மூலையை நகத்தால் நெம்பினேன். நிறமும் சேர்ந்து வந்தது, விட்டுவிட்டேன். பலகையில் ஒட்டிய அந்தப் பாகத்தின் முதுகை இனி யாரும் பார்க்க முடியாது. துண்டின் முதுகை மட்டும் திருப்பிப் பார்த்தேன். ஊறிய நீலம் அப்படியே இருக்கிறது.

துண்டை நான் லேமினேஷன் போடமாட்டேன். ஃப்ரேமும் கிடையாது. கைப்பையில்தான் இருக்கப்போகிறது, பஸ் டிக்கெட்டோடும் மாத்திரை அட்டையோடும். கசங்கும், வியர்வை படும், மடிப்பில் கிழியும். என் வாழ்நாளில் நான் காப்பாற்றாமல் விடும் முதல் காகிதம் இது. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது சிலசமயம் எடுத்துப் பார்ப்பேன். உங்கள் மகள் சொன்னதை உங்கள் குரலில் ஒருமுறை எனக்குள் சொல்லிக்கொள்வேன். அதில் அந்தக் 'கழுதை'யைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன், நீங்கள் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள்.

என் கண் பொடனியில்தான் இருந்தது, அக்கா. அதை என்னிடமே சொல்ல உங்களுக்குப் பதினோரு வருஷம் போதவில்லை.

எஸ்தர்